விஷம் மருந்தான கதை

தை மாதம். காரைக்கால் பக்கம் ஒரு கிராமம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. மாலை ஐந்து மணி. குமரேசன் வரப்பு ஓரமாகக் கிடந்த கதிர்க்கட்டைத் தூக்கினான். அடியில் சுருண்டு கிடந்தது ஒரு பாம்பு. "புஸ்" என்று பெரிய சீற்றம். மறு நொடி கணுக்காலில் கடித்துவிட்டது.

உடம்பு முழுவதும் சங்கிலி போல வட்ட வட்டப் புள்ளிகள். பார்த்தவர்கள் கண்டுகொண்டார்கள். "கண்ணாடி விரியன்!"

கூட்டம் கூடியது. கயிறு கொண்டு வந்தார் ஒருவர். பிளேடு தேடினார் ஒருவர். குமரேசனின் தாய்மாமன் சொன்னார்:

"அக்கா, பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவர் இருக்கிறார். தூக்கிக்கொண்டு போவோம். அவர் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறார்."

குமரேசனின் தாய் அஞ்சலை கயிற்றைப் பிடுங்கி வீசினாள்.

"வேண்டாம் தம்பி. இவன் அப்பாவை அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனோம். கயிறு கட்டினோம். ராத்திரி முழுவதும் மந்திரித்தோம். கால் கறுத்துப் போச்சு. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீர் நின்று போச்சு. மூன்றாம் நாள் மனுஷன் இல்லை. பதினெட்டு வருஷம் ஆச்சு. இவனையாவது நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. 108-க்குச் சொன்னார்கள். குமரேசனை நடக்க விடவில்லை. காலுக்கு அடியில் ஒரு நேரான கட்டையை வைத்தார்கள். கால் அசையாதபடி துணியால் தளர்வாகச் சுற்றினார்கள். கால் வீங்கும் என்பதால் மெட்டியை, மோதிரத்தை, கொலுசைக் கழற்ற வேண்டும். குமரேசன் காலில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தான். அதை அறுத்துப் போட்டார்கள். வண்டி வந்தது. ஆறு மணிக்கெல்லாம் அரசு மருத்துவமனையில் இருந்தார்கள்.

கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

மருத்துவர் குமரேசன் கையில் கொஞ்சம் இரத்தம் எடுத்தார். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டார். அதை ஆட்டாமல் அசைக்காமல் ஓர் இடத்தில் வைத்தார். இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னார்.

அஞ்சலைக்கு ஒன்றும் புரியவில்லை. ஊசி போடாமல் ஏன் காக்க வைக்கிறார்கள்?

செவிலியர் விளக்கினார்:

"அம்மா, கையில் கத்தி பட்டால் இரத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் உறைந்து நின்றுவிடும். விரியன் விஷம் உள்ளே போனால் இரத்தம் அப்படி உறையாது. இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்துப் பார்ப்போம். இரத்தம் கட்டியாக இருந்தால் இப்போதைக்குப் பயமில்லை. தண்ணீர் போல ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. உடனே மருந்து ஏற்ற வேண்டும்."

இருபது நிமிடம் ஆனது. குழாயைச் சாய்த்தார்கள். இரத்தம் தண்ணீர் போல ஓடியது. குமரேசனின் ஈறிலும் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது.

மருத்துவர் பத்துக் குப்பி மருந்து எடுக்கச் சொன்னார். குப்பிக்குள் வெள்ளைப் பொடி இருந்தது. அதை நீரில் கரைத்து, பாட்டில் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். செவிலியர் பக்கத்திலேயே நின்றார். சிலருக்கு இந்த மருந்தால் அரிப்பு, தடிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் வரலாம். அதற்கு மாற்று ஊசியைத் தயாராக வைத்திருந்தார்.

"என்ன மருந்தும்மா இது?" என்று கேட்டாள் அஞ்சலை.

"பாம்பு விஷத்தை வைத்துத்தான் இதைச் செய்கிறார்கள்" என்றார் செவிலியர்.

அஞ்சலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கடித்த விஷம் போதாது என்று இன்னும் விஷமா?"

"இல்லை அம்மா. இந்தக் குப்பியில் இருப்பது விஷம் இல்லை. விஷத்தை எதிர்த்து நிற்கும் காவல்காரன். அந்தக் காவல்காரனைப் பழக்கத்தான் விஷம் வேண்டும்."

குதிரை தரும் காவல்

அந்தக் காவல்காரன் எப்படி உருவாகிறான்?

நம் உடம்புக்குள் ஏதாவது வேற்றுப் பொருள் நுழைந்தால், உடம்பு அதை எதிர்க்கும். அதற்காக இரத்தத்தில் ஒரு பொருளை உண்டாக்கும். அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறோம். அப்போதும் இதுதான் நடக்கிறது.

பாம்பு கடித்தால் விஷம் ஒரே சமயத்தில் நிறைய ஏறிவிடுகிறது. எதிர்ப்பொருளை உண்டாக்க உடம்புக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்த வேலையை முன்கூட்டியே செய்து வைக்க ஓர் உதவி வேண்டும். குதிரை அந்த உதவியைச் செய்கிறது.

குதிரைக்கு முதலில் மிக மிகச் சிறிய அளவு விஷத்தை ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அந்த அளவு குதிரையைக் கொல்லாது. சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டுகிறார்கள். பிறகு இன்னும் கொஞ்சம். இப்படிப் பல வாரங்கள். குதிரையின் உடம்பு விஷத்தோடு பழகி, எதிர்ப்பொருளை நிறைய உண்டாக்குகிறது. குதிரை பெரிய விலங்கு. அதன் உடம்பில் இரத்தமும் அதிகம். அதிலிருந்து ஓரளவு இரத்தம் எடுத்தாலும் அது நலமாகவே இருக்கும்.

அந்த இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை மட்டும் பிரிக்கிறார்கள். சுத்தம் செய்கிறார்கள். உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். குப்பியில் அடைக்கிறார்கள். இதுதான் விஷமுறிவு மருந்து.

பிரான்சு நாட்டு அறிஞர் ஆல்பர்ட் கால்மெட் 1895-ஆம் ஆண்டு நாகப்பாம்பு விஷத்துக்கு இப்படி ஒரு மருந்தைச் செய்து காட்டினார். அந்த மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று பலர் நம்பினார்கள். பிரேசில் நாட்டு மருத்துவர் விட்டல் பிரசில் அது சரியில்லை என்று கண்டறிந்தார். ஒரு பாம்பின் விஷத்துக்குச் செய்த மருந்து, வேறு வகைப் பாம்பின் விஷத்தை முறிக்கவில்லை. பூட்டுக்கு ஏற்ற சாவிதானே பூட்டைத் திறக்கும்?

அதனால் நம் நாட்டில் நான்கு பாம்புகளின் விஷத்தைச் சேர்த்து மருந்து செய்கிறார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் அவை. நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏற்படும் சாவுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த நான்கால் வருபவையே. கடித்தது இந்த நான்கில் எது என்று தெரியாவிட்டாலும் மருந்து ஒன்றுதான். ஆகவே பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். அடித்து எடுத்து வரவும் வேண்டாம். அதில் இன்னொருவர் கடிபட நேரலாம். நேரமும் வீணாகும்.

ஏன் பத்துக் குப்பி?

அஞ்சலை குப்பிகளை எண்ணிப் பார்த்தாள். "இத்தனை எதற்கு? ஒன்று போதாதா?"

செவிலியர் கணக்குச் சொன்னார். ஒரு குப்பியில் 10 மில்லி மருந்து. ஒரு மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். அப்படியானால் ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 60 மில்லிகிராம் அளவுக்கு விஷத்தைச் செலுத்துகிறது. 60-ஐ 6-ஆல் வகுத்தால் பத்து. அதனால்தான் பத்துக் குப்பி.

பாம்பு கடிக்கும்போது ஆள் பெரியவரா சிறியவரா என்று பார்த்து விஷத்தை அளப்பதில்லை. அதனால் குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான்.

தாய்மாமன் ஒரு சந்தேகம் கேட்டார். "அப்படியானால் மந்திரித்தவர்கள் பிழைத்தார்களே, அது எப்படி?"

நம் ஊரில் உள்ள பாம்புகளில் பெரும்பாலானவை விஷம் இல்லாதவை. சாரை கடித்தாலும், தண்ணீர்ப் பாம்பு கடித்தாலும் யாரும் சாவதில்லை. விஷப் பாம்புகூடச் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமல் கடிக்கும். இப்படிக் கடிபட்டவர்கள் மந்திரித்தாலும் பிழைப்பார்கள். மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பெயர் மந்திரத்துக்குப் போகிறது. ஆனால் விஷம் உள்ளே போய்விட்டால் அதை முறிக்க விஷமுறிவு மருந்து ஒன்றுதான் உண்டு. அதுவும் சீக்கிரம் ஏற்ற வேண்டும். சிறுநீரகம் கெட்ட பிறகு ஏற்றினால், கெட்டதை அந்த மருந்தால் சரி செய்ய முடியாது.

அஞ்சலை ஒன்றும் பேசவில்லை. அவள் கண் கலங்கியது.

விஷத்தை எடுத்துத் தருபவர்கள்

மருந்து செய்ய முதலில் விஷம் வேண்டும். அதை யார் எடுக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலி என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருளர் பழங்குடி மக்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. இருளர்கள் தடம் பார்த்தே பாம்பு இருக்கும் வளையைச் சொல்லிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அது. முன்பு அவர்கள் தோலுக்காகப் பாம்புகளைப் பிடித்து விற்றார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு தோல் வியாபாரம் நின்றது. அவர்கள் பிழைப்பும் நின்றது.

பாம்புகளைப் பற்றி ஆராய்ந்து வந்த ரோமுலஸ் விட்டேகர் அவர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார். பாம்பைக் கொல்ல வேண்டாம், விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாம் என்பதே அந்த வழி. 1978-இல் சங்கம் பதிவானது.

பிடித்த பாம்புகளை மண்பானைகளில் வைக்கிறார்கள். பானையின் வாயைத் துணியால் கட்டுகிறார்கள். பாம்பின் தலையைப் பக்குவமாகப் பிடித்து, மெல்லிய உறை போர்த்திய கண்ணாடிக் குவளையைக் கடிக்க வைக்கிறார்கள். விஷம் குவளைக்குள் சொட்டுகிறது. மூன்று வாரத்தில் ஒரு பாம்பிடம் நான்கு முறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருப்பதால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் மருந்து செய்யப் பயன்படும் விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போயிருக்கிறது. இந்த அறிவை மதித்து, மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கை ஒன்று தவறினால் உயிர் போகும் வேலை அது. யாரோ ஓர் இருளர் எடுத்த விஷம், எங்கோ ஒரு குதிரையின் இரத்தம், இரண்டும் சேர்ந்து குமரேசனின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தன.

அஞ்சலையின் மாத்திரை

மருந்து ஏற்றி ஆறு மணி நேரம் கழிந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுபடி இரத்தம் எடுத்துக் குழாயில் வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தார்கள். இம்முறை இரத்தம் ஓடவில்லை. கட்டியாக உறைந்திருந்தது.

"மருந்து வேலை செய்கிறது. இன்னும் சில நாள் இங்கேயே இருக்க வேண்டும். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று அளந்து பார்ப்போம்" என்றார் மருத்துவர்.

விடிந்தது. அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலை சுற்றியது. செவிலியர் இரத்த அழுத்தம் பார்த்தார். அதிகமாக இருந்தது.

"அம்மா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

"தினம் சாப்பிடுவேன். நேற்று ராத்திரி விட்டுப் போச்சு" என்றாள் அஞ்சலை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள்.

செவிலியர் படித்துப் பார்த்துச் சிரித்தார். "உங்கள் மாத்திரைக்கும் பாம்புக்கும் உறவு உண்டு, தெரியுமா?"

அந்தக் கதை பிரேசில் நாட்டில் தொடங்குகிறது. அங்கே ஜராராக்கா என்று ஒரு விரியன் பாம்பு உண்டு. அது கடித்தால் இரத்த அழுத்தம் இறங்கிவிடலாம். ஆள் மயங்கி விழலாம். இது ஏன் என்று அந்த நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 1949-இல் ரோச்சா சில்வா என்பவரும் அவருடைய தோழர்களும் ஒன்றைக் கண்டார்கள். அந்த விஷம் இரத்தத்தில் கலந்ததும், இரத்தக் குழாயை விரிக்கும் ஒரு பொருள் உண்டானது. 1960-களில் அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரேரா, அந்த விரிவை இன்னும் நீடிக்கச் செய்யும் பொருள் விஷத்திலேயே இருப்பதைக் கண்டார்.

அது எப்படி வேலை செய்கிறது? நம் உடம்பில் இரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருள் இயல்பாகவே உண்டாகிறது. அதை உண்டாக்க ஒரு நொதி தேவை. பாலைத் தயிராக்க உறை மோர் தேவைப்படுவது போல. பாம்பு விஷத்தில் இருந்த பொருள் அந்த நொதியைப் பிடித்துக் கட்டிப் போட்டது. நொதி வேலை செய்யாததால் குழாய் சுருங்கவில்லை. அழுத்தமும் ஏறவில்லை.

பாம்பு கடித்தால் இது ஆபத்து. ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு? அவருக்கு அழுத்தம் குறையத்தானே வேண்டும்! கொஞ்சமாக, அளவாகக் குறைந்தால் அது மருந்து.

விஷத்தில் இருந்த பொருளை அப்படியே மாத்திரையாகத் தர முடியவில்லை. வயிற்றுக்குள் போனால் அது சோறு, பருப்பு போலச் செரித்துவிடும். அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இரண்டு வேதியியல் அறிஞர்கள் வேறு வழி பார்த்தார்கள். அந்தப் பொருள் நொதியை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று யோசித்தார்கள். அதே இடத்தைப் பிடிக்கும் சிறிய பொருள் ஒன்றைத் தாங்களே செய்தார்கள். 1975-இல் அது உருவானது. அதற்குக் கேப்டோப்ரில் என்று பெயர். 1981-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. அதன் வழியில் எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மருந்துகள் பின்னால் வந்தன.

"அப்போது என் மாத்திரையில் விஷம் இருக்கா?" என்று பயந்தாள் அஞ்சலை.

"துளிகூட இல்லை. பாம்பு வழியைக் காட்டியது. மனிதன் அந்த வழியில் வேறு பொருளைச் செய்தான். அவ்வளவுதான்."

இப்படி விஷம் காட்டிய வழிகள் இன்னும் உண்டு. சுருட்டை விரியனின் விஷத்தை ஆராய்ந்ததால், மாரடைப்பில் இரத்தம் மேலும் கட்டாமல் தடுக்கும் ஓர் ஊசி மருந்து கிடைத்தது. கடலில் வாழும் ஒரு வகை நத்தையின் விஷத்திலிருந்து, தாங்க முடியாத வலிக்கு மருந்து கிடைத்தது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற விஷப் பல்லியின் எச்சிலை ஆராய்ந்ததால், 2005-இல் சர்க்கரை நோய்க்கு ஓர் ஊசி மருந்து வந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. விஷத்தை யாரும் தாமாக மருந்தாக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பல ஆண்டு ஆராய்ச்சியும் சோதனையும் தேவைப்பட்டன. பாம்பு விஷம், பாம்பு இரத்தம் என்று சொல்லி யாராவது எதையாவது விற்றால் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

செவிலியர் ஒரு சீட்டில் மாத்திரையின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அஞ்சலை இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவள். விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள்.

"எ... ன... லா... ப்... ரில்."

கட்டிலில் படுத்திருந்த குமரேசன் லேசாகச் சிரித்தான்.

ஆறாம் நாள் வீடு திரும்பினார்கள். வழியில் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் அஞ்சலை. ஒரு டார்ச் விளக்கும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் வாங்கினாள். பூட்ஸை மகனிடம் கொடுத்தாள்.

"வயலில் இறங்கும்போது இதைப் போட்டுக்கொண்டு இறங்கு. மருந்து இருக்கிறது என்பதற்காகக் கடிபட வேண்டுமா என்ன?"

உங்களுக்குத் தெரியுமா?

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். இந்தச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க 2024-இல் மத்திய அரசு ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது.

நினைவில் வைப்போம்

செய்ய வேண்டியவை:
- கடிபட்டவருக்குத் தைரியம் சொல்லுங்கள். அவரை நடக்க விடாதீர்கள்.
- கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வையுங்கள்.
- மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான துணி ஆகியவற்றைக் கழற்றுங்கள்.
- 108-ஐ அழையுங்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செய்யக் கூடாதவை:
- கயிறு கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது.
- மந்திரித்து, பச்சிலை கொடுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது.
- பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ முயலக் கூடாது.

கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமல் போகலாம். இரவில் தரையில் படுத்தவருக்குக் காலையில் வயிற்று வலி வந்தாலோ, கண் இமை தானாக மூடிக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொசுவலையை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிப் படுத்தால் பாம்புக்கடியிலிருந்தும் காப்பு.

கணக்குப் போடுவோம்

1. ஒரு குப்பி மருந்து 6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும். 48 மில்லிகிராம் விஷத்தை முறிக்க எத்தனை குப்பி வேண்டும்?
2. ஒரு குப்பியில் 10 மில்லி மருந்து. பத்துக் குப்பியில் எத்தனை மில்லி?

கலந்து பேசுவோம்

1. அஞ்சலை ஏன் கயிற்றைப் பிடுங்கி வீசினாள்?
2. மந்திரித்தவர்களில் சிலர் பிழைப்பது ஏன்?
3. உங்கள் ஊருக்கு அருகில் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது? இன்றே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பெயரைச் சுவரில் எழுதி வையுங்கள்.
4. இரவில் அங்கே போக என்ன வண்டி கிடைக்கும்? யாரை எழுப்ப வேண்டும்?